பொது இயந்திரங்களை வாங்கி நிறுவுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

பொது இடங்களில் நிற்கும் இயந்திரங்களின் மீது ஒட்டப்பட்டிருக்கும் காகிதத் துண்டுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘அட்டையை இந்தப் பக்கமாகச் செருகவும்’, ‘முதலில் பச்சைப் பொத்தானை அழுத்தவும்’, ‘இந்தத் துளையில் நாணயம் போடாதீர்கள்’ என்று கையால் எழுதி, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். இயந்திரத்தைத் தயாரித்த நிறுவனம் அவற்றை ஒட்டுவதில்லை. ஒரே கேள்விக்கு நாள் முழுவதும் பதில் சொல்லிச் சலித்துப்போன ஊழியர் ஒருவர் ஒட்டுகிறார். உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய புகார் மனு அது. வந்து சேர வழியில்லாததால் இயந்திரத்தின் முகத்திலேயே தங்கிவிட்டது.

இயந்திரங்களை வடிவமைப்பவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கைபேசி பிடிக்கவில்லை என்றால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். வாங்குபவர் போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் கைபேசி நிறுவனங்கள் ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை மாற்றிப் பார்க்கின்றன. ரயில் நிலையத்தின் டிக்கெட் இயந்திரத்துக்கோ, மருத்துவமனை வாசலின் டோக்கன் இயந்திரத்துக்கோ, வாகன நிறுத்துமிடத்தின் கட்டண இயந்திரத்துக்கோ அந்தப் பயம் கிடையாது. அதன் முன்னால் நிற்பவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தவர் நீங்கள், விலை கொடுத்தவரும் நீங்கள். ஆகவே தயாரித்தவர்கள் திருப்திப்படுத்த வேண்டியிருந்ததும் உங்களைத்தான். நல்ல வெளிச்சமுள்ள அறையில், எங்கே அழுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர் தன் விரலால் இயக்கிக் காட்டினார். எல்லாம் சரியாக நடந்தது. நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

அது நிற்கப்போகும் இடம் வேறு. நண்பகல் வெயில் திரையில் பட்டு எழுத்துகள் மறைந்துபோகும். வருபவரின் ஒரு கையில் பெட்டி இருக்கும், மறு கையில் குழந்தை இருக்கும். மூக்குக்கண்ணாடி பைக்குள் எங்கோ கிடக்கும். பின்னால் வரிசை நீண்டிருக்கும். அதில் ஒருவர் விடும் பெருமூச்சு காதில் விழும். வண்டி புறப்படும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். தவறாக அழுத்தினால் பணம் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. அந்த நிலையில் பேராசிரியரும் தடுமாறுவார், கூலித் தொழிலாளியும் தடுமாறுவார். ஆனால் தடுமாறிய பிறகு இருவர் படும் பாடும் ஒன்றல்ல. முன்னவர் இயந்திரத்தைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பின்னவர் தன்னையே நொந்துகொள்வார். ‘எனக்குப் படிப்பில்லை, இதெல்லாம் எனக்கு வராது’ என்று முடிவு கட்டிவிட்டு, அடுத்த முறை பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் அட்டையையும் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கொடுத்து உதவி கேட்பார். உதவுவதுபோல் நடித்து ஏமாற்றுபவர்கள் ஏ.டி.எம். வாசலில் காத்திருப்பது இவருக்காகத்தான். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது புரியாத அந்தத் திரை.

‘மக்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற பதிலை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பொய்யென்று நிரூபிக்கப்பட்ட பதில் அது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேய்த்து நின்றன. இறக்கையின் மடிப்புப் பலகைகளை உள்ளிழுக்க வேண்டிய விமானி, சக்கரங்களை உள்ளிழுத்திருப்பார். விமானியின் தவறு என்றுதான் குறிப்பு எழுதினார்கள். 1943-ல் ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி உட்காரும் அறையையே ஆராய்ந்தார். இரண்டு வேலைகளுக்கான விசைகளும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்துக்கான விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரம், மடிப்புப் பலகைக்கான விசையின் நுனியில் ஆப்பு வடிவத் துண்டு: அவர் சொன்ன மாற்றம் இவ்வளவுதான். கண்ணால் பார்க்காமல் கையால் தொட்டே எது எது என்று தெரிந்துகொள்ள முடிந்தது, அந்த வகைத் தவறு மறைந்தது. பயணிகள் விமானங்களின் சக்கர விசைக்கு இன்ன வடிவம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி இன்றும் வரையறுக்கிறது. பயிற்சி பெற்ற விமானிக்கே விசையின் வடிவம் துணை நிற்க வேண்டியிருக்கிறது என்றால், எந்தப் பயிற்சியும் இல்லாமல் முதன்முறையாக வந்து நிற்பவரிடம் மட்டும் பிழையே வரக் கூடாது என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

உங்கள் துறையின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் வடபகுதியான என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி தன் முதல் பணம் வழங்கும் இயந்திரத்தைத் திறந்தது. அதற்குக் காரணமான ஜான் ஷெப்பர்ட்-பேரன் முதலில் ஆறு இலக்க ரகசிய எண்ணைத்தான் எண்ணியிருந்தாராம். தன் மனைவியால் நான்கு இலக்கங்களைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது, அதனால் நான்காக்கினேன் என்று பின்னாளில் சொன்னார். தானல்லாத ஒருவரிடம் கேட்டுப் பார்த்ததன் பலனை உலகின் பெரும்பகுதி இன்றும் அனுபவிக்கிறது.

பிறகு வந்த அட்டை இயந்திரங்கள் பலவற்றில் பணம் முதலில் வந்தது, அட்டை கடைசியில் வந்தது. மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு அட்டையை விட்டுவிட்டுப் போனார்கள். வந்த காரியம் முடிந்தவுடன் மனம் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுகிறது, மிச்சமிருக்கும் சிறு வேலை நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. எல்லோருடைய மனமும் இப்படித்தான் இயங்குகிறது. எத்தனை எச்சரிக்கை வாசகங்கள் எழுதினாலும் தீராத அந்தச் சிக்கலை, வரிசையை மாற்றித் தீர்த்தார்கள். அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று வைத்தார்கள், அட்டையை மறப்பது வெகுவாகக் குறைந்தது. இவ்வளவு பழைய, இவ்வளவு எளிய பாடத்தை இன்றைய கட்டண இயந்திரங்கள் படிக்கவேயில்லை. டிக்கெட் மேலே ஒரு துளையில் வெளிவருகிறது. மீதிச் சில்லறை முழங்கால் உயரத்தில் இருட்டான ஒரு தட்டில் விழுகிறது. ரசீது மூன்றாவதாக ஓர் இடத்தில் எட்டிப் பார்க்கிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் பயணி போய்விடுகிறார். அவர் பணம் தட்டிலேயே கிடக்கிறது.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இயந்திரங்கள் பொய் சொல்கின்றன.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. அணைந்தால் மூடிவிட்டது என்று பொருள் கொண்டார்கள் பணியாளர்கள். அந்த விளக்கோ வால்வின் நிலையைப் பார்த்துச் சொல்லவில்லை. மூடச் சொல்லிக் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அது அறிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அந்த வழியே வெளியேறியது, உலையின் மையப்பகுதி உருகத் தொடங்கியது. சொன்னதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்று பொறியியல் உலகம் அன்று கற்றுக்கொண்டது.

டிக்கெட் இயந்திரம் ‘உங்கள் பரிவர்த்தனை வெற்றி’ என்று காட்டுகிறது. காகிதச் சுருள் தீர்ந்துபோயிருக்கிறது, டிக்கெட் வரவில்லை. பணம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது. அச்சிடச் சொல்லிக் கட்டளை அனுப்பியதைத்தான் அந்தத் திரை வெற்றி என்கிறது. அச்சானதா, துளை வழியே வெளியே வந்ததா, கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதேயில்லை. வெற்றி என்று சொல்லும் திரைக்கும் காலியான துளைக்கும் நடுவே நிற்பவர், தன் பணம் போனதை யாரிடம் எப்படி நிரூபிப்பார்? காகிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் வாங்குவது முடியாத காரியமா? முடியும். பல இயந்திரங்கள் அதைச் செய்கின்றன. நீங்கள் கேட்டிருந்தால் உங்கள் இயந்திரமும் செய்திருக்கும்.

இதைவிட மோசமானது, எதோடும் இணைக்கப்படாத பொத்தான். நியூயார்க் நகரில் தெருவைக் கடப்பவர்கள் அழுத்துவதற்கென்று இருந்த 3,250 பொத்தான்களில் 2,500-க்கும் மேற்பட்டவை செயலிழக்கச் செய்யப்பட்டவை என்று 2004-ல் செய்தி வெளியானது. விளக்குகளைக் கணினி இயக்கத் தொடங்கிய பிறகு அவை தேவைப்படவில்லை. அகற்றச் செலவாகும் என்பதால் அப்படியே விட்டிருந்தார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்டின் ‘கதவை மூடு’ பொத்தானும் பல கட்டடங்களில் சாதாரணப் பயணியின் விரலுக்குப் பதில் சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகள் நுழைய நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கதவு குறிப்பிட்ட நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற விதி மிகவும் நியாயமானது, அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் வேலை செய்யாத பொத்தானை ஏன் அங்கே வைத்திருக்கிறீர்கள்? அழுத்தினாலும் ஒன்றுதான், அழுத்தாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஓர் இடத்தில் கற்றுக்கொண்டவர், உண்மையிலேயே அழுத்தினால்தான் விளக்கு மாறும் இன்னொரு சந்திப்பில் பொத்தானைத் தொடாமலேயே இறங்கி நடப்பார்.

உண்மை சொல்லும் பொத்தான்களும் உலகில் இருக்கின்றன. பிரிட்டனில் தெருக் கடப்பு விளக்குகளின் பொத்தான் பெட்டிக்கு அடியில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், விரல் நுனியளவுள்ள சிறு கூம்பு ஒன்று இருக்கும். கடக்கலாம் என்ற விளக்கு எரியும்போது அது சுழலும். பார்வையற்றவர் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார், சுழன்றதும் நடப்பார். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான ஏற்பாடு இது. சந்தடி மிகுந்த சாலையில் ஒலியைக் கேட்டு முடிவெடுப்பது கடினம், காது கேளாதவருக்கு ஒலியால் பயனே இல்லை. அந்தக் கூம்பு நடந்ததை நடந்தபடி விரலுக்குச் சொல்கிறது. யாரோ ஒருவர் இன்னொருவரின் இடத்தில் நின்று யோசித்திருக்கிறார் என்பது அதைத் தொட்டவுடனே தெரியும்.

சில ரயில்களின் தானியங்கிக் கழிப்பறைக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். திறக்க ஒரு பொத்தான், மூட ஒரு பொத்தான், தாழிட இன்னொரு பொத்தான். உள்ளே போனவர் மூடும் பொத்தானை அழுத்துகிறார், கதவு மெதுவாக வந்து மூடிக்கொள்கிறது. மூடினால் தாழிட்டதாகத்தானே வாழ்நாள் முழுவதும் கழிப்பறைக் கதவுகள் நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கின்றன? இங்கே தாழிடுவது தனி வேலை. வெளியே நிற்பவர் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெரிய கதவு முழுவதுமாக, நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி திறக்கும். உள்ளே இருப்பவர் சக்கர நாற்காலியில் இருந்தால் எட்டி மூடவும் முடியாது. மாற்றுத்திறனாளிகளின் வசதிக்கென்று வைத்த கதவு அவர்களையே கூனிக்குறுக வைக்கிறது. ஒரு மனிதரின் மானத்தை மூன்றாவது பொத்தானின் நினைவில் தொங்கவிட்ட அந்த வரைபடத்துக்கு யாரோ ஒப்புதல் அளித்திருக்கிறார். மூடும்போதே தாழிட்டுக்கொள்ளும்படி செய்திருக்கலாம் அல்லவா?

லிஃப்ட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியே மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு. நான் போக வேண்டிய திசையா, லிஃப்ட் என்னிடம் வர வேண்டிய திசையா என்று பொத்தான் சொல்வதில்லை. அதனால் பலர் இரண்டையும் அழுத்துகிறார்கள், லிஃப்ட் வீணாக நிற்கிறது. உள்ளே கதவைத் திறக்கவும் மூடவும் ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு முக்கோணச் சின்னங்கள். யாரோ ஓடி வருவதைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு கைநீட்டும் அரைநொடியில் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. வந்தவர் முகத்தில் கதவு மூடுகிறது. இப்போது புதிய கட்டடங்களில், போக வேண்டிய தளத்தை வெளியிலேயே தட்டச் சொல்லி, எந்த லிஃப்ட்டில் ஏற வேண்டும் என்று ஓர் எழுத்தைக் காட்டும் முறை வந்திருக்கிறது. கூட்டம் மிகுந்த நேரத்தில் அது உண்மையிலேயே காத்திருப்பைக் குறைக்கிறது. ஆனால் தெரியாமல் திறந்த கதவுக்குள் நுழைந்துவிட்டவர் உள்ளே பொத்தானே இல்லாத சுவரைப் பார்க்கிறார். திரும்பி வர வழி சொல்லாத இயந்திரத்தை நான் ஒருபோதும் முழுமையான இயந்திரமாக ஏற்கமாட்டேன்.

டோக்கன் இயந்திரங்களின் குறை வேறு வகையானது. அவற்றின் முதல் திரையில் உங்கள் அலுவலகத்தின் உள் அமைப்பு அப்படியே விரிகிறது: பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு, பொதுச் சேவை, சிறப்புச் சேவை, இதர சேவைகள். வந்தவருக்குத் தன் தேவை தெரியும், அது உங்கள் எந்தப் பிரிவில் அடங்கும் என்று எப்படித் தெரியும்? முகவரி மாற்ற வந்தவர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? தவறான டோக்கனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, முறை வந்து எழுந்து போனதும், ‘இது இந்தக் கவுண்டர் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறார். அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ‘நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, வருபவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே அடுக்குங்கள். அந்தச் சொற்கள் உங்கள் கவுண்டர் ஊழியர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேட்டாலே போதும்.

இப்போது எல்லாவற்றையும் தொடுதிரைக்கு மாற்றும் அவசரம் உங்களைப் பிடித்திருக்கிறது. காரணம் புரிகிறது: திரையை மென்பொருளால் மாற்றலாம், தேயும் பாகங்கள் குறைவு. ஆனால் பொத்தானுக்கு விளிம்பு உண்டு, மேடு உண்டு, அழுத்தினால் பதில் உண்டு. எண் பலகையில் 5-ன் மேல் இருக்கும் சிறு புள்ளி ஒன்றை வைத்துக்கொண்டு பார்வையற்றவர் மற்ற ஒன்பது எண்களையும் கண்டுபிடித்துவிடுவார். வழவழப்பான கண்ணாடியில் அவருக்கு எதுவும் இல்லை. பாதுகாப்பு என்று சொல்லி எண்களை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் காட்டும் திரையோ, எண்ணை விரலின் பழக்கத்தால் நினைவில் வைத்திருக்கும் எல்லோரையுமே குருடாக்குகிறது. கடின உழைப்பால் தோல் தடித்துப்போன விரலை, உலர்ந்த முதிய விரலை, செயற்கைக் கையை அந்தக் கண்ணாடி பல நேரங்களில் உணர்வதே இல்லை. 2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பல் ஒன்றோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். அதை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் அளித்த அறிக்கையில், குழப்பமான தொடுதிரைக் கட்டுப்பாடும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டது. அந்த வகைக் கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் விசைகளுக்கே திரும்புவதாகக் கடற்படை அறிவித்தது. தேர்ந்த மாலுமிகளுக்கே வேண்டாம் என்று முடிவான ஒன்றை, அவசரத்தில் வந்து நிற்கும் பயணிக்கு மட்டும் முன்னேற்றம் என்று கொடுக்காதீர்கள்.

பயிற்சியே இல்லாத கோடிக்கணக்கானவர்கள், ஐந்தாண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தொடும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலில் பயன்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வந்தது. வேட்பாளர் பெயர், அதே வரிசையில் சின்னம், அதே வரிசையில் ஒரு நீலப் பொத்தான், அதே வரிசையில் சிவப்பு விளக்கு. பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள். அழுத்தினால் விளக்கு எரிகிறது, நீண்ட ஒலி கேட்கிறது. பிறகு சேர்க்கப்பட்ட காகிதத் தணிக்கைப் பெட்டியில், வாக்களித்த சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி கண்ணில் தெரிகிறது. அந்த இயந்திரத்தைப் பற்றி வேறு விவாதங்கள் உண்டு, அவை இங்கே என் பொருளல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் யார் துணையும் இல்லாமல் அதன் முன் நின்று தான் நினைத்ததை அழுத்த முடிகிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இதற்கு நேர் எதிரானது 2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் நடந்தது. முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, வேட்பாளர் பெயர்களை இடது வலது என இரண்டு பக்கங்களில் பரப்பி, குத்த வேண்டிய துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு மூன்றாவது துளை. இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. புக்கானனுக்கு அங்கே 3,407 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தனக்கு உரியவையாக இருக்க முடியாது என்று அவரே சொன்னார். மாநிலம் முழுவதிலும் கோரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். வாக்குச்சீட்டின் மாதிரி முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தது, கட்சிகளும் ஆட்சேபிக்கவில்லை. மேசையில் வைத்துப் பார்த்த கண்களுக்குக் குறை தெரியவில்லை. முன்பின் பார்த்திராத சிலரிடம் கொடுத்து, ‘இன்னாருக்குக் குத்துங்கள்’ என்று சொல்லிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நேரக் கெடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணப்பையைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரை முதல் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது, செய்ததெல்லாம் போய்விடுகிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி நெறிகள், நேரம் முடியும்முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்கின்றன. உங்கள் இயந்திரம் அந்த 20 விநாடியையும் தர மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சில திரைகளின் குழப்பம் திட்டமிட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கூடுதல் கட்டணச் சேவை முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருக்கும். வேண்டாம் என்பதற்கான சொல் சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளிந்திருக்கும். பின்னால் வரிசை நிற்கும் அவசரத்தில் மக்கள் எதையாவது அழுத்திவிட்டுப் போவார்கள் என்பதே அந்தக் கணக்கு. தனியார் கடையில் நடந்தாலும் கண்டிக்க வேண்டிய இதைப் பொதுச் சேவையில் அனுமதிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் வேகம், நினைவகம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றோடு இன்னொரு நிபந்தனையையும் சேருங்கள்: முன்பின் அந்த இயந்திரத்தைப் பார்த்திராதவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதில் தங்கள் வேலையை முடித்தால்தான் பணம் தரப்படும். அந்தச் சோதனை உங்கள் அலுவலகத்தில் நடக்கக் கூடாது. இயந்திரம் நிற்கப்போகும் இடத்திலேயே, வெயிலிலும் இரைச்சலிலும் நடக்க வேண்டும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று கணினிப் பயன்பாட்டு வல்லுநரான ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். இணையதளங்களை மனத்தில் வைத்துச் சொன்னது அது, அதன் மீது விவாதங்களும் உண்டு. பொது இயந்திரத்துக்கு ஐந்து பேர் போதாது என்பது என் கருத்து. முதியவர், பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர், எழுத்தறியாதவர், நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர், இடக்கைப் பழக்கமுள்ளவர் என்று எண்ணினாலே அதைத் தாண்டிவிடும். நின்று பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. தடுமாறும் இடத்தில் ‘அங்கே அழுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டால் சோதனை அத்தோடு முடிந்துபோகும்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. 1963-ல் பொத்தான் தொலைபேசி வருவதற்கு முன்பே, பெல் ஆய்வகத்தின் ஆர். எல். டெய்னிங்கர் எண்களைப் பல வகையாக அடுக்கி, ஆட்களிடம் கொடுத்து அழுத்தச் சொல்லி, வேகத்தையும் பிழையையும் அவர்களின் விருப்பத்தையும் அளந்து 1960-ல் வெளியிட்டார். இன்று உங்கள் இயந்திரங்களிலும் கைபேசிகளிலும் 1, 2, 3 மேலே இருப்பது அந்த வழிவந்ததுதான். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1999-ல் வந்த டிக்கெட் இயந்திரத்தை வடிவமைத்த மசாமிச்சி உடகவாவும் சிகி மோஸ்லிங்கரும், தொடுதிரையையே பார்த்திராதவர்கள் அதன்முன் வந்து நிற்பார்கள் என்று எண்ணி, முதல் திரையில் பெரிய ‘தொடங்கு’ பொத்தானை வைத்தார்கள். ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று பிரித்தார்கள். பணம், அட்டை, டிக்கெட் ஆகியவற்றுக்கான பகுதிகளை நிறத்தால் வேறுபடுத்தினார்கள்.

அவசரம் எதற்கு என்றால், இன்று வாங்கும் இயந்திரம் நாளை போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் புதிய ஏ.டி.எம்., டிக்கெட் இயந்திரம் போன்றவற்றுக்குப் பொருந்துகிறது. ஆனால் ஏற்கெனவே நிறுவப்பட்டவற்றை, பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை தொடர்ந்து வைத்திருக்க உறுப்பு நாடுகள் அனுமதிக்கலாம். சட்டமே அவ்வளவு காலத்தை எண்ணிப் பார்க்கிறது. நீங்கள் இந்த ஆண்டு கையெழுத்திடும் இயந்திரத்தின் முன் இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்து வந்து நிற்கும்.

சோதனையில் எத்தனை பேர் முடித்தார்கள், எந்தத் திரையில் தடுமாறினார்கள், அதன்பின் எதை மாற்றினீர்கள் என்ற விவரத்தைக் கொள்முதல் கோப்புக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இயந்திரத்தின் பக்கத்திலேயே, குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணோடு சேர்த்து, எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். நாங்கள் படிப்போம், அழைத்தும் சொல்வோம்.

இப்படிக்கு,
உங்கள் இயந்திரங்களின் முன் வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்